மகள் ரேடியோ வானியல் படிக்க விரும்பினால்

வணக்கம் அம்மா. எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடத்தில் இருக்கும் உங்கள் மகள் பிளேசார்களை ரேடியோ அலைகளில் ஆராயப் போவதாகச் சொல்கிறாள், இது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. முதலில் அது என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன்.

சில விண்மீன் திரள்களின் (கேலக்சிகளின்) நடுவிலுள்ள ராட்சதக் கருந்துளையிலிருந்து, கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் துகள்கள் பீறிட்டு வருகின்றன. அந்தப் பீற்று நம்மை நோக்கி இருந்தால் அது பிளேசார். 2008இல் ஏவப்பட்ட ஃபெர்மி விண்கலம் இவற்றை ஆயிரக்கணக்கில் காமா கதிரில், அதாவது மிக அதிக ஆற்றலுள்ள ஒளியில், கண்டுபிடித்தது. ஆனால் பீற்றின் எந்த இடத்தில் வெடிப்பு, அதாவது திடீர்ப் பிரகாசம், நடக்கிறது என்று பிரித்துக் காட்டும் கூர்மை அதற்கு இல்லை. ஹவாய் முதல் வர்ஜின் தீவுகள் வரை பத்து ஆன்டெனாக்களை இணைத்த வி.எல்.பி.ஏ. ரேடியோ தொலைநோக்கிக்கு அந்தக் கூர்மை உண்டு. வெடிப்பையொட்டிப் பீற்றில் புது முடிச்சு (பிரகாசமான திட்டு) கிளம்பி நகர்வதை அதன் படங்களில் பார்க்கலாம். வெடிப்பு கருந்துளைக்குப் பக்கத்திலா, வெகுதூரம் தள்ளியா என்பது இன்னும் தீராத விவாதம். உங்கள் மகளை இழுப்பது இதுதான். வெறும் நட்சத்திர மோகம் என்று நினைத்துவிடாதீர்கள்.

அன்றாட வேலை பெரும்பாலும் கணினியில்தான். தரவிலிருந்து செல்போன், செயற்கைக்கோள் குறுக்கீட்டை நீக்க வேண்டும், அளவீட்டைச் சரிசெய்ய வேண்டும், பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுத வேண்டும். இது பிடிக்கிறதா என்று இப்போதே சோதிக்கலாம். ஃபெர்மி தரவும், இந்தப் பீற்றுகளைத் தொடர்ந்து படமெடுக்கும் மோஜாவே ஆய்வுக் குழுவின் வி.எல்.பி.ஏ. படங்களும் இணையத்தில் இலவசம். 3சி 279 என்ற ஒரே பிளேசாரை எடுத்து, காமா ஒளி ஏறி இறங்குவதைக் காட்டும் வரைபடத்தையும் ரேடியோ படங்களையும் தேதிவாரியாக ஒப்பிடச் சொல்லுங்கள். பத்து நாளில் அலுத்துவிட்டால் அவளே சொல்லிவிடுவாள்.

அப்புறம், பணம். புனேயிலுள்ள என்.சி.ஆர்.ஏ., ஐயூக்கா என்ற வானியல் ஆய்வு நிறுவனங்கள் இரண்டுக்கும் ஐநாட் என்ற நுழைவுத்தேர்வு உண்டு; இயற்பியல் பி.எச்டி. சேர்க்கைக்குப் பல நிறுவனங்கள் ஏற்கும் ஜெஸ்ட் தேர்வையும் எழுதட்டும். பி.எச்டி.க்கு நீங்கள் செலவழிக்க வேண்டியதில்லை. 2023 முதல் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர்) உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்கள் குறைவு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் சிக்னல் பகுப்பாய்வும் புள்ளியியலும் கைவந்தவர்களுக்குத் தரவு அறிவியல், தொலைத்தொடர்புத் துறைகளில் இடம் உண்டு. பல நாடுகள் சேர்ந்து கட்டும் எஸ்.கே.ஏ. ரேடியோ தொலைநோக்கித் திட்டத்துக்கு இந்தியா 1,250 கோடி ரூபாய் ஒதுக்கியிருப்பதும் இவளுக்குச் சாதகம்.

கல்யாணம் தள்ளிப்போகுமே என்று எழுதியிருந்தீர்கள். அதை அவளிடமே மனம்விட்டுப் பேசுங்கள். ஆனால் இந்த வருட விண்ணப்பத்தை அதற்காக நிறுத்திவைக்க வேண்டாம்.