பிள்ளைக்கு என்ன கவலை?

கேள்வி: ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் மனச்சோர்வு நோய் என்று எழுதுகிறார்கள். சோறு போடவும் பள்ளிக்கு அனுப்பவும் பெற்றோர் இருக்கும்போது பிள்ளைக்கு என்ன கவலை? இதெல்லாம் மிகைப்படுத்தல்தானே?

பதில்: கவலைப்படக் காரணம் இருந்தால்தான் மனச்சோர்வு வரும் என்று நீங்கள் கொண்டிருக்கும் எண்ணமே தவறு. அது நோய், வசதியைப் பார்த்து விலகி நிற்பதில்லை. பருவமடையாத பிள்ளைகளில் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்கே அது காணப்படுகிறது என்பது உண்மை. ஆனால் பதின்பருவத்தில் அந்த அளவு பல மடங்காகிறது. அதுவரை ஆண், பெண் பிள்ளைகளிடம் ஏறக்குறைய சமமாக இருந்த நோய், அதன் பிறகு பெண் பிள்ளைகளிடம் இரு மடங்காகத் தென்படுகிறது.

உங்களைப் போலவே மருத்துவர்களில் பலரும் ஒரு காலத்தில் நினைத்தார்கள். முதிராத மனத்துக்கு மனச்சோர்வு வர வாய்ப்பில்லை என்ற கருத்து மாறி, 1980-இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறி கையேடு, பெரியவர்களுக்கான அளவுகோல்களையே பிள்ளைகளுக்கும் பொருத்தியது. ஆனால் இன்றைய அளவுகோல்களில் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு: பிள்ளைகளிடம் சோகத்துக்குப் பதிலாக எரிச்சலே முதன்மை அறிகுறியாக இருக்கலாம். சிடுசிடுப்பு, காரணம் தெரியாத வயிற்றுவலி, விளையாட்டில் நாட்டமின்மை, வயதுக்கேற்ற எடை ஏறாமை ஆகியவற்றை நாம் பிடிவாதம் என்றும் சோம்பல் என்றும் பெயரிட்டு அடிக்கிறோமே, அதுதான் என்னை வருத்துகிறது. பெற்றோரிடம் மட்டும் விசாரித்தால் இந்நோய் பெரும்பாலும் குறைவாகவே தெரியும். பிள்ளையிடம் தனியே கேட்கும்போதுதான் மறைந்திருந்தது வெளிவரும்.

மிகைப்படுத்தல் அறவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் 1990-களின் நடுப்பகுதி தொடங்கிப் பத்தாண்டுகளுக்குள், இளையோருக்கு இருதுருவ மனநிலைக் கோளாறு (மிதமிஞ்சிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் நோய்) என்று பதிவான மருத்துவச் சந்திப்புகள் ஏறத்தாழ நாற்பது மடங்காயின. ஓயாத கோபமுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் அந்தப் பெயர் சூட்டப்படுவதைத் தடுக்கவே 2013-இல் அக்கையேட்டில் தனியாக ஒரு நோய்ப்பிரிவு சேர்க்கப்பட்டது. ஆனால் தவறான பெயர் சூட்டப்பட்ட அந்தப் பிள்ளைகளும் துன்பத்தில்தான் இருந்தார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஒருநாள் முகம் வாடுவது நோயாகாது. இரண்டு வாரங்களுக்குக் குறையாமல், நாளின் பெரும்பகுதி நீடித்து, படிப்பையும் உறக்கத்தையும் நட்பையும் கெடுத்தால் மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்று பிள்ளை ஒருமுறை சொல்லிவிட்டால் அந்த இரண்டு வாரக் கணக்கு பொருந்தாது. அன்றைக்கே அழைத்துச் செல்லுங்கள், அதுவரை தனியே விடாதீர்கள்.