விற்பதா, வாடகைக்கு விடுவதா?

கேள்வி: 20 பேர் வேலை செய்யும் நிறுவனம் எங்களுடையது. ஏர் கம்ப்ரஸர் செய்து விற்கிறோம். இனி விற்காமல், பராமரிப்பையும் சேர்த்து மாத வாடகைக்கு விட நினைக்கிறோம். லாபக் கணக்கு நன்றாகவே வருகிறது. இறங்கலாமா?

பதில்: இறங்கலாம், ஆனால் கைப்பணக் கணக்கை, அதாவது எந்த மாதம் எவ்வளவு பணம் போகிறது, எவ்வளவு வருகிறது என்பதைப் போட்டுப் பார்த்த பிறகு. சிறு நிறுவனங்களுக்கு மூச்சு முட்டுவது அங்கேதான்.

ஒரு கம்ப்ரஸரின் அடக்கவிலை 60, விற்பனை விலை 100 என்று வைத்துக்கொள்வோம். மாத வாடகை 5, பராமரிப்புச் செலவு 1. மிஞ்சுவது 4. ஆக, போட்ட 60 திரும்பிவர 15 மாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாதம் 10 கம்ப்ரஸர் அனுப்பினால் மாதாமாதம் 600 வெளியே போகும். வருவதோ இரண்டாம் மாதம் 40, மூன்றாம் மாதம் 80. வரவு 600-ஐத் தொடுவதே 16-ஆம் மாதத்தில்தான். அதற்குள் 4,800 முடங்கியிருக்கும். 80 கம்ப்ரஸர்களின் அடக்கவிலை அது! எல்லாம் திரும்பிவர 31 மாதம் ஆகும். பத்துப் பேரில் ஒருவர் வாடகை தராவிட்டால் 36 மாதம். வட்டியும் சம்பளமும் இதில் சேரவில்லை. மாதம் 20 அனுப்பினால் முடங்கும் பணமும் இரு மடங்கு. வேகமாக வளர்ந்தால் பணம் சீக்கிரம் வரும் என்று பலர் நம்புகிறார்கள். தொடக்கத்தில் நடப்பது நேர்மாறு.

அதனால் பத்தில் இரண்டை மட்டும் வாடகைக்கு விடுங்கள். எட்டை விற்றால் மிஞ்சுகிற 320-இலிருந்து அந்த இரண்டின் 120-ஐத் தாங்கிக்கொள்ளலாம்.

எல்லோருக்கும் ஒரே வாடகை வைக்காதீர்கள். நாளுக்கு 24 மணி நேரம் ஓட்டுபவருக்கும் 8 மணி நேரம் ஓட்டுபவருக்கும் தேய்மானம் ஒன்றல்ல. மணிக்கணக்கு மீட்டர் பொருத்தி, வரம்புக்கு மேல் தனிக் கட்டணம் வாங்குங்கள். 1959-இல் வந்த ஜெராக்ஸ் 914 நகல் இயந்திரத்துக்கும் இதே ஏற்பாடுதான்: மாத வாடகையில் 2,000 நகல் அடக்கம், அதற்கு மேல் எடுக்கும் நகலுக்குத் தனிக் காசு.

விற்பனையாளரின் கமிஷனை ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே முழுதாகக் கொடுக்காதீர்கள். கொடுத்தால், வாடகை கட்ட முடியாதவரையும் பிடித்து வந்துவிடுவார். வாடகை வர வர, ஆறு தவணையாகக் கொடுங்கள்.

இன்னொன்று, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. விற்ற இயந்திரத்தில் வால்வு போனால் உதிரிபாக வியாபாரம். வாடகைக்கு விட்டதில் போனால் உங்கள் செலவு. எனவே நல்ல வால்வு போடுங்கள். இயந்திரத்தைக் கழற்றினால்தான் மாற்ற முடியும் என்ற இடத்தில் ஃபில்டரை வைக்காமல், கை எட்டும் இடத்துக்கு மாற்றுங்கள். வாடகை முறையின் உண்மையான லாபம் இந்த வடிவமைப்பு மாற்றத்தில்தான் இருக்கிறது.

கேள்வி: பலன் தருகிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது?

பதில்: மொத்த விற்றுமுதலை வைத்து அல்ல. 100 வந்த இடத்தில் 5 வருவதால் முதல் வருடம் அது சரியத்தான் செய்யும். வாடகைக்குத் தனிக் கணக்குப் புத்தகம் வைத்து, இயந்திரம் ஒன்றுக்கு ஆகும் பராமரிப்புச் செலவை மாதாமாதம் பாருங்கள். 1 என்று போட்டது 2 ஆனால், போட்ட 60 திரும்பிவரும் 15 மாதம் 20 மாதமாகிவிடும். அப்போது புது ஒப்பந்தங்களை நிறுத்திவிட்டு, எந்தப் பாகம் அடிக்கடி போகிறது என்று தேடுங்கள்.