சூப்பர்ஹீரோ படம் சொதப்பினால் யாரைக் கேட்பது?

பெரம்பூர் வாசகர்: டைரக்டர்தானே படம் எடுக்கிறார்? ஸ்டூடியோ தலைவர் என்ன பெரிதாகக் கெடுத்துவிட முடியும்?

கோடம்பாக்கத்தில் பெரிய டைரக்டர் வைத்ததுதான் சட்டம். மார்வெல், டிசி என்ற ஹாலிவுட் சூப்பர்ஹீரோ கம்பெனிகளில் கடைசிக் கத்திரி பெரும்பாலும் ஸ்டூடியோ கையில். 2017 'ஜஸ்டிஸ் லீக்'கில் ஸாக் ஸ்னைடர் விலகியதும் ஜாஸ் வேடனை வைத்து ஏகப்பட்ட ரீஷூட், படமோ 2 மணி நேரத்துக்குள். சூப்பர்மேனாக நடித்த ஹென்றி காவில் அப்போது வேறு படத்துக்காக மீசை வளர்த்திருந்தார், அந்தக் கம்பெனி எடுக்க விடவில்லை. கம்ப்யூட்டரில் மீசையை அழித்ததில் மேலுதடு மெழுகு பொம்மை மாதிரி ஆனது. ஆனாலும் நவம்பர் ரிலீஸ் தேதி நகரவில்லை. சைபார்க் என்ற ஹீரோவின் கதை எவ்வளவு வெட்டுப்பட்டது என்பது 2021இல் ஸ்னைடரின் 4 மணி நேர வடிவம் வந்தபோதுதான் தெரிந்தது.

வேளச்சேரி வாசகர், ரோட்டோ ஆர்ட்டிஸ்ட் (காட்சியிலிருந்து ஆளை, பொருளை ஃப்ரேம் ஃப்ரேமாக வரைந்து பிரிப்பவர்): சார், ஃபைனல் ஆன ஷாட்டே திரும்பத் திரும்ப வருதே, ஏன்?

மேலே முடிவெடுக்கவில்லை, அதனால்தான். ஹீரோவின் கவச டிசைன் மாறினால் மாடல், ரிக் (அசைக்க உதவும் எலும்புக்கூடு), சிமுலேஷன் (துணி, புகை போன்றவற்றின் அசைவு), லைட்டிங், கம்ப் (எல்லாவற்றையும் ஒரே காட்சியாகச் சேர்ப்பது) எல்லாம் மறுபடி. எடிட்டில் ஷாட் அதன் ஹேண்டிலை (இரு முனையிலும் உபரியாகத் தரும் ஃப்ரேம்களை) தாண்டி 12 ஃப்ரேம் நீண்டால் உங்களுக்கு அரை நொடி ரோட்டோ கூடுதல். விலையோ பெரும்பாலும் முன்பே பேசி முடித்தது. "பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்பதற்கு மேலே செலவே இல்லை, கீழேதான் விடிய விடிய வேலை. 2023 செப்டம்பரில் மார்வெலின் சொந்த விஎஃப்எக்ஸ் ஊழியர்கள் ஒருமனதாக யூனியனுக்கு வாக்களித்தது சும்மா இல்லை.

முடிவெடுக்கும் தாமதம் மட்டுமே குற்றவாளி அல்ல. மார்வெலின் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' காலப்பயண உடையும் ஷூட்டிங்கின்போது டிசைன் முடியாமல் முழுக்க கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸில் போட்டதுதான், உறுத்தவில்லை. ஒரே நேரத்தில் ஏழெட்டுப் படைப்புகள் வரிசையில் நின்றால்தான் சிக்கல்.

தாம்பரம் வாசகர்: 2007லிருந்து மார்வெல் ஸ்டூடியோஸ் தலைவர் கெவின் ஃபைகிதானே? பிறகு ஏன் படங்களின் தரம் இறங்கியது?

அவர் அதே ஆள், அவருக்கு மேலே இருந்தவர்கள் மாறினார்கள். 2015 வரை மார்வெலின் நியூயார்க் கிரியேட்டிவ் கமிட்டி ஸ்கிரிப்டில் கை வைத்தது. அந்த ஆண்டு ஃபைகி நேரே தாய்க் கம்பெனியான டிஸ்னியின் பட ஸ்டூடியோ தலைவர் ஆலன் ஹார்னுக்குக் கீழ் போனார், கமிட்டியின் பிடி தளர்ந்தது. அடுத்து வந்தது டிஸ்னியின் ஓடிடி தளமான டிஸ்னி பிளஸ்ஸின் பசி. 2021இல் மட்டும் 5 தொடர்கள், 3 படங்கள், போதாததற்கு சோனியோடு சேர்ந்து ஸ்பைடர்மேன். ஒரு மனிதர் இத்தனை எடிட்டையும் உட்கார்ந்து பார்க்க முடியுமா? எண்ணிக்கை கவனத்தைக் குலைத்ததாக டிஸ்னி தலைவர் பாப் ஐகரே 2023இல் ஒப்புக்கொண்டார்.

மயிலாப்பூர் வாசகர்: டிசிக்கு ஜேம்ஸ் கன் மாதிரி டைரக்டரே தலைவரானால் நல்லதா?

ஸ்கிரிப்ட் முடியாமல் ஷூட்டிங் இல்லை என்கிறார், அது பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. ஆனால் அவரே இயக்கும் படத்துக்கு "வேண்டாம்" சொல்வது யார்? கூடவே தலைவராக இருக்கும் பீட்டர் சாஃப்ரான் சொல்வாரா என்பதே என் சந்தேகம்.

அடையாறு வாசகர்: முதல் நாள் டிக்கெட் போடலாமா என்று முன்கூட்டியே கணிக்க வழி?

ரீஷூட் செய்தியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஷெட்யூலிலேயே அதற்கு நாள் ஒதுக்குவார்கள். டைரக்டர் கிடைக்கும் முன்பே ரிலீஸ் தேதி வந்ததா, எழுத்தாளர்கள் அடுத்தடுத்து மாறினார்களா, டைரக்டர் பாதியில் போனாரா என்று பாருங்கள். 2019இல் அறிவித்த 'பிளேட்' இரண்டு டைரக்டர்களை இழந்தது. அதைக் காலண்டரிலிருந்து எடுத்தது, என்னைக் கேட்டால், மார்வெல் அண்மையில் எடுத்த உருப்படியான முடிவு. மேலே சொன்ன மூன்று அறிகுறிகளில் இரண்டு பொருந்தினால் ஐமேக்ஸுக்குப் பணம் கட்டாமல் சனிக்கிழமை வரை பொறுங்கள்.