பழைய ஆங்கிலேயக் கிராம ரயில் நிலைய அஞ்சலட்டையின் காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் செய்தியும் மறு பாதியில் முகவரியும் எழுத பிரிட்டிஷ் அஞ்சல் துறை 1902-இல்தான் அனுமதித்தது. அதற்கு முன் அந்தப் பக்கம் முகவரிக்கு மட்டுமே. செய்தியைப் படத்தின் ஓரத்தில் நுணுக்கி எழுதினார்கள். அரை பென்னி தபால்தலை மட்டும் ஒட்டி உள்நாட்டில் போன அட்டை என்றால், பெரும்பாலும் 1918 ஜூனுக்கு முந்தையது. அப்போதுதான் கட்டணம் ஒரு பென்னி ஆனது.

தபால் முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். ஒரே படத்தைப் பல வருடம் விற்றார்கள், அதனால் படம் இன்னும் பழையதாக இருக்கலாம்.

அப்புறம் படத்துக்குள் தேடுங்கள். ரயில் பெட்டிகளில் எல்.எம்.எஸ். அல்லது எல்.என்.இ.ஆர். என்ற ரயில் நிறுவனப் பெயர்ச்சுருக்கம் இருந்தால், அது 1923-க்கு முந்தையதாக இருக்க முடியாது. அந்த நிறுவனங்கள் உருவானதே அந்த வருடம்தான். நடைமேடையில் நிற்கும் பால் கேன்கள், விளம்பரப் பலகைகள், ஊழியர்களின் சீருடை எல்லாமே துப்புதான்.

பல ரயில் பாதைகளையும் நிலையங்களையும் மூடச் சொல்லி 1963-இல் வந்த பீச்சிங் அறிக்கைக்குப் பிறகு இப்படிப்பட்ட சிறு நிலையங்கள் ஏராளமாக மூடப்பட்டன. பல ஊர்களுக்கு இந்த அட்டைகளே மிஞ்சிய சாட்சி. அதனால் ஸ்கேன் செய்யும்போது தயவுசெய்து இரண்டு பக்கத்தையும் எடுத்து வையுங்கள்.