கழியும் கழிவும்

அன்புள்ள ஐயா,

முத்துப்பேட்டையை அடுத்த எங்கள் ஊரில், கடலோரமாக முழங்காலளவு நிற்கும் நீரைக் கழி என்போம். கழிவுநீர் என்பதன் சுருக்கமா அது என்று என் மகள் கேட்டாள். படகை ஊன்றித் தள்ளும் கழியால் வந்த பெயர் என்பார் என் தகப்பனார். எது சரி?

– ஒரு வாசகர், திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

கழி என்பது கழிவின் சுருக்கம் அன்று. கடலை ஒட்டி ஆழமின்றிப் பரந்து கிடக்கும் உவர்நீரை இருங்கழி, மாக்கழி என்று சங்கப் புலவர்கள் அடைகொடுத்துப் பாடியிருக்கிறார்கள். உங்கள் மகளுக்குப் பட்டினப்பாலையைப் படித்துக் காட்டுங்கள். வெள்ளுப்பை விற்று நெல்லோடு திரும்பிய படகுகள், பந்தியில் குதிரைகளைக் கட்டியதுபோல் தறிகளில் கட்டப்பட்டு நின்ற தோட்டங்களைக் 'கழிசூழ் படப்பை' என்கிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தைச் சொல்லவந்த இடத்தில் வரும் சொல் அது. அதில் கழிவின் நாற்றம் துளியும் இல்லை.

கழிதல் என்னும் வினைக்குக் கடந்துபோதல் என்பதே அடிப்படைப் பொருள் எனக் கொள்கிறேன். இரவு கழிந்தது, ஆடி கழிந்தது என்று இன்றும் சொல்கிறோம். அளவு கடந்து உண்பவனைத் திருக்குறள் 'கழிபேரிரையான்' என்பதும் இவ்வழியில் வந்ததே. வேண்டாதது என்னும் பொருள் இதிலிருந்து பின்னர்க் கிளைத்திருக்க வேண்டும். நீர்க்கழிக்கும் இவ்வினையே வேர் என்பது என் துணிபு. நீர் வற்றும் நேரத்தில் உங்கள் ஊர் அலையாத்திக் காட்டோரம் நின்று பார்த்திருப்பீர்கள்: சேற்றிலிருந்து விரல்விரலாக நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேர்களுக்கிடையே, கணுக்காலை மட்டும் நனைக்கும் நீர், நண்டு வளைகளைச் சுற்றிக்கொண்டு ஓசையின்றிக் கடலை நோக்கி நகரும், சில நாழிகையில் கடல்நீர் அதே வழியாக மீண்டும் ஏறும். பாமணியாறும் கோரையாறும் கொண்டுவரும் நீரும் அங்கே தங்குவதில்லை. வந்து வந்து கடந்துபோகும் நீருக்குக் கழி என்பதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

தகப்பனாரின் விளக்கம் ஆழத்தைப் பொறுத்தவரை மிகச் சரியானது. கோல் தரைதட்டாத நீரை எவரும் கழி என்பதில்லை. ஆயினும் படகே வேண்டாமல் நடந்து கடக்கும் சேற்றுநீரும் கழிதான் என்பதால், பெயர் கோலிலிருந்து வந்ததாக நான் எண்ணவில்லை.

மகளின் பாடநூலில் கழிமுகம் என்ற சொல் வரும். துறைமுகத்தில் உள்ள அதே முகம்தான் அதிலும் உள்ளது. நுழைவாய் என்று பொருள். மலையாளத்தார் அதையே அழிமுகம் என்கிறார்கள். அப்பாடம் வரும் நாளில் ஊர்க் கழியையே அவளுக்குக் காட்டிவிடுங்கள்.