மாட்டுவால் வாளுக்கு மிங் காலத்து வயது வருமா?

பினாங்கில் வசிக்கும் வாசகர் ஒருவர் பழம்பொருள் கடையில் வளைந்த சீன வாள் ஒன்றை வாங்கியிருக்கிறார். மொத்த நீளம் 88 செ.மீ., அலகு மட்டும் 69 செ.மீ. முனைக்குப் போகப் போக அலகு அகலமாகிறது. வட்டமான இரும்புக் கைக்காப்பு, கயிறு சுற்றிய மரப்பிடி. உறை இல்லை. காப்பை ஒட்டி அலகில் இரண்டு சீன எழுத்துகள். கடைக்காரர் "மிங் காலத்து வாள், 400 வருஷம் பழசு" என்று சொன்னாராம். அது உண்மையா, உண்மை இல்லையென்றால் இது பழசுதானா, மேலே படிந்த துருவை எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்கு வாளைக் கையில் எடுக்காமலே பதில் சொல்லலாம்: மிங் அல்ல. மிங் வம்சம் 1368 முதல் 1644 வரை. முனைப்பக்கம் அகன்று விரியும் இந்த வடிவத்துக்குச் சீனத்தில் 'நியூவெய்தாவ்', அதாவது மாட்டுவால் வாள் என்று பெயர். இது மிங்குக்குப் பின் வந்த சிங் வம்சத்தின் பிற்பகுதியில், 19-ஆம் நூற்றாண்டில் பரவியது. அரசுப் படைக்கு விதிப்படி வழங்கிய வாளும் அல்ல. ஊர்க்காவல் குழுக்கள், சண்டைப்பயிற்சி ஆசான்கள், கிளர்ச்சிக்காரர்கள் கையில்தான் இது அதிகம் இருந்தது. குங்பூ படங்களில் மிங் காலத்து வீரர் மாட்டுவால் வாளைச் சுழற்றுவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது 'பழைய சீன வாள்' என்றே படும். கடைக்காரர் பொய் சொன்னார் என்றுகூட இல்லை, அவரும் அதே படங்களைப் பார்த்திருக்கலாம்.

மிங் காலத்திலும் சிங் முற்பகுதியிலும் புழங்கிய வாள்கள் வேறு மாதிரி இருக்கும். பிடியிலிருந்தே மெல்ல வளைந்து முனை நோக்கிக் குறுகுவது 'லியூயெதாவ்', வில்லோ இலை வாள். முக்கால் பங்கு நேராகப் போய்க் கடைசியில் மட்டும் மேல்நோக்கி வளைவது 'யென்மாவ்தாவ்', வாத்து இறகு வாள். இரண்டிலும் முனை விரியாது. லியூயெதாவ் சிங் முடியும்வரை ஓடியதால், அந்த வடிவம் மட்டும் வயதைச் சொல்லாது. மாட்டுவால் வடிவம் 'இதற்கு முன் இருக்க முடியாது' என்று ஒரு எல்லையாவது போட்டுத் தருகிறது. அதனால் இனி கேள்வி ஒன்றுதான்: இது 1800-களிலோ 1900-களின் தொடக்கத்திலோ அடித்த வாளா, அல்லது கடந்த 30, 40 ஆண்டுகளில் பழசுபோல் செய்து விற்றதா?

இதை முடிவுசெய்ய எழுத்தைப் பார்க்காதீர்கள், துருவையும் பார்க்காதீர்கள். முதலில் வெர்னியர் காலிபர் ஒன்றை எடுங்கள். அலகின் முதுகுத் தடிமனை நான்கு இடங்களில் அளக்க வேண்டும்: காப்பை ஒட்டி, அலகின் நடுவில், விரிவு தொடங்கும் இடத்தில், முனைக்கு 5 செ.மீ. முன்னால். நிஜமாகப் பயன்படுத்த அடித்த வாளில் காப்பருகே 6 முதல் 8 மி.மீ. இருந்து, படிப்படியாகக் குறைந்து, முனையருகே 2 முதல் 3 மி.மீ. ஆகும். மாட்டுவால் வாளில் இந்தச் சரிவு தவறாமல் இருக்க வேண்டும், அதற்குக் காரணமும் உண்டு. முனையில் அகலம் கூடும்போது தடிமன் குறையாவிட்டால் எடை முழுக்க முன்னால் போய்விடும், வாள் கோடரி மாதிரி ஆகிவிடும். கொல்லர் அடித்தே இந்தச் சரிவைக் கொண்டுவர வேண்டும், அதற்கு நேரமும் கைத்திறனும் செலவு. போலி செய்பவர் 4 அல்லது 5 மி.மீ. தகட்டை வடிவத்துக்கு வெட்டி, ஓரத்தை மட்டும் தேய்த்துவிடுவார். அளந்தால் 5, 5, 4.5, 4.5 என்று வரும். இப்படி வந்தால் மீதிச் சோதனைகள் ஏறக்குறைய தேவையில்லை.

எடையும் துணைக்கு வரும். இந்த நீளத்துக்கு உறை இல்லாமல் 700 முதல் 950 கிராம் வரை இயல்பு. 1.2 கிலோவைத் தாண்டினால் சந்தேகப்படுங்கள். மறுபக்கம், கையால் ஆட்டினால் தகரம்போல் படபடவென்று அதிரும் மெல்லிய அலகு, பளபளக்கும் குரோம் பூச்சு, பிடியில் சிவப்புப் பட்டுத்துணி என்று இருந்தால், அது உஷு என்ற சீனத் தற்காப்புக்கலை ஆட்டத்துக்காக 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செய்தது. அதை யாரும் பழசு என்று ஏமாற்றுவது குறைவு, வாங்குபவரே ஏமாந்துகொள்வதுதான் வழக்கம்.

அடுத்து பிடியின் அடிப்பகுதி. அலகின் காம்பு பிடிக்குள் முழு நீளமும் போய், பிடியின் கடைசியில் உள்ள குமிழைத் தாண்டி வெளியே வந்து, அங்கே சுத்தியலால் அடித்துப் பரப்பப்பட்டிருக்கும். சிறிய வட்ட வில்லை ஒன்றின் மேல் ஆணித்தலைபோல் தெரியும். அந்தத் தலையும் குமிழும் ஒரே நிறத்தில் கறுத்திருக்க வேண்டும். குமிழ் பழுப்பாகவும் தலை மட்டும் வெள்ளையாகவும் இருந்தால் பிடி அண்மையில் கழற்றி மாட்டப்பட்டிருக்கிறது. வாளே பழசாக இருந்து பிடி மட்டும் மாறியிருக்கவும் வாய்ப்புண்டு. திருகுமரையும் நட்டும் தெரிந்தால் அது இக்காலத்து வேலை. பிடியைக் கழற்றிப் பார்க்க வேண்டாம். பரப்பிய தலையை அரத்தால் எடுத்தால்தான் கழலும், எடுத்தால் திரும்ப வராது.

காப்பும் குமிழும் இரும்பா என்பதைக் காந்தம் சொல்லும். பித்தளைபோல் தெரியும் பாகங்களில், கண்ணில் படாத உள்பக்கத்தில் ஊசியால் மெல்லக் கீறுங்கள். உள்ளே சாம்பல் வெள்ளை தெரிந்தால் துத்தநாகக் கலவையை அச்சில் ஊற்றிப் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். ஓரங்களில் அச்சின் இணைப்புக் கோடும் தெரியும். கயிற்றுச் சுற்று எதையும் நிரூபிக்காது. பழைய வாளில் கயிறு நாலைந்து முறை மாறியிருக்கும்.

எஃகுக்கு வருவோம். பழைய சீனக் கொல்லர் முழு வாளையும் ஒரே கடின எஃகில் அடிப்பது அரிது. கடின எஃகு விலை அதிகம், அதோடு முழுக்கக் கடினமானால் அலகு முறியும். அதனால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்றில் நடுவில் கடினத் தகடு, இருபுறமும் மென்மையான இரும்புத் தகடுகள். இதன் பெயர் 'சான்மெய்', மூன்று தகடு. இன்னொன்றில் மென்மையான அலகின் வாயை, அதாவது கூர்விளிம்பைப் பிளந்து அதற்குள் கடின எஃகு வாய் செருகி ஒன்றாய் அடிப்பார்கள். பெயர் 'சியென்காங்'. 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸை எடுத்து, ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்படி அலகைப் பிடியுங்கள். மூன்று தகடு முறையானால் முதுகில் நீளவாக்கில் இரண்டு இணை கோடுகள் தெரியலாம். செருகிய வாயானால் முதுகில் எதுவும் இருக்காது. பக்கவாட்டில், கூர்விளிம்புக்கு 1 அல்லது 2 செ.மீ. மேலே நெளிந்து ஓடும் எல்லை தெரியும். துரு அடர்ந்திருந்தால் இரண்டும் தெரியாமல் போகலாம். அதற்காகத் துருவைச் சுரண்டிப் பார்க்காதீர்கள்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, போலி வரிகள். மடித்து அடித்த எஃகின் நெளிவுபோல் அமிலத்தால் அலகின் பக்கங்களில் வரைந்துவிடுவார்கள். கண்டுபிடிக்க எளிய வழி: ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு முதுகுவரை போங்கள். நிஜ வரி முதுகைச் சுற்றி மறுபக்கம் தொடரும், அலகில் நீளவாக்கில் பள்ளம் வெட்டியிருந்தால் அங்கே அதன் வடிவம் மாறும். வரைந்த வரி முதுகின் ஓரத்தில் பட்டென்று நின்றுவிடும். ஆனால் நிஜமாகவே மடித்து அடித்த எஃகில் இன்றும் வாள் செய்கிறார்கள், எனவே நல்ல வரி இருந்தாலே பழசு என்று ஆகாது. அலகின் நீளவாட்டில் ஓடும் மெல்லிய பிளவுகளும், அடிக்கும்போது சிக்கிய கசடுக் கோடுகளும் எனக்கு அதைவிட நம்பிக்கை தருபவை. லாரி வில்தகட்டில் வெட்டிய போலியில் இவை வராது.

பழைய வாளில் தேய்மானமும் ஒரு கதை சொல்லும். காப்பை ஒட்டிய 5, 6 செ.மீ. சாணைக்கு அதிகம் போகாது. நெடுநாள் தீட்டிய வாளில் அந்த இடத்துக்கும் அடுத்த பகுதிக்கும் நடுவே சிறு படி விழுந்திருக்கும். போலியில் வாய் ஒரே நேர்கோடாகப் போகும்.

இப்போது அந்த இரண்டு எழுத்துகள். காப்பருகே இரண்டு என்றால் பெரும்பாலும் 'லோங்சுவான்'. அது செஜியாங் மாகாணத்தில் வாளுக்குப் பேர்பெற்ற ஊர். முதலில் அதன் பெயர் லோங்யுவான். தாங் வம்சத்தை நிறுவிய அரசரின் பெயர் லி யுவான் என்பதால் அந்த எழுத்தைத் தவிர்த்து மாற்றினார்கள். பின்னாளில் 'நல்ல வாள்' என்பதற்கே அந்தப் பெயர் அடையாளமாகிவிட்டது, எந்த ஊரில் அடித்தாலும் பொறித்தார்கள். ஆகவே அது ஊரையும் நிரூபிக்காது, காலத்தையும் நிரூபிக்காது. ஒரே ஒரு விதத்தில் உதவும். முதல் எழுத்தில் எத்தனை கோடுகள் என்று எண்ணுங்கள். 'லோங்', அதாவது டிராகன், மரபு வடிவில் 16 கோடுகள் கொண்ட அடர்ந்த எழுத்து. சீன அரசு 1956-இல் கொண்டுவந்த எளிய வடிவில் 5 கோடுகள்தான். 5 கோடு எழுத்து அச்சுப்போலத் தெளிவாகப் பொறித்திருந்தால் விஷயம் முடிந்தது. 16 கோடு இருந்தால் மட்டும் மகிழ்ந்துவிட வேண்டாம், இது போலி செய்பவர்களுக்கும் தெரியும்.

எழுத்து 'இன்ன பேரரசர் ஆட்சியில் செய்தது' என்று சொன்னால் இன்னும் எச்சரிக்கை தேவை. சிங் பேரரசர் சியென்லோங்குக்காக 1748 முதல் செய்த வாள்களில் ஆட்சிக்குறி உண்டு. வானம், பூமி, மனிதன் என்று மூன்று வரிசைகள், வரிசைக்கு 30. ஒவ்வொன்றிலும் வாளின் பெயரும் எண்ணும் உலோகக் கம்பி பதித்து எழுதப்பட்டிருக்கும். அவை அரண்மனைப் பொருள்கள். சாதாரண மாட்டுவால் வாளில் அப்படி ஒரு குறி உளியால் வெட்டியிருந்தால் அது விலை ஏற்றும் வேலை. 1933-இல் பெருஞ்சுவரின் சிஃபெங்கோவ் கணவாயில் ஜப்பானியரோடு மோதிய சீனாவின் 29-ஆம் படையின் பெயர் பொறித்த, இரண்டு கையால் பிடிக்கும் 'தாதாவ்' வாள்களையும் இதே கண்ணோடு பாருங்கள்.

ஆங்கிலத்தில் 'சைனா' என்று முத்திரை இருந்தால் அது நல்ல தடயம். அமெரிக்கா 1890-இல் இயற்றிய மெக்கின்லி வரிச்சட்டம், இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்றது. எனவே அந்த முத்திரை உள்ள பொருள் பெரும்பாலும் அதன் பின்னர் ஏற்றுமதிக்குச் செய்தது. வெளிநாட்டுப் பயணிகளுக்கு விற்ற சிறிய நேர்வாள்கள், அதாவது 'ஜியென்', இந்த வகை. அவற்றின் உறையில் ஆமை ஓட்டுத் தகடு ஒட்டியிருப்பதுண்டு. அந்த ஓடு தரும் அழுங்காமை, அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ளது. அனுமதிச் சீட்டில்லாமல் எல்லை தாண்டினால் சுங்கத்தில் வாளோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள். இணையத்தில் சீனாவிலிருந்து நேராக '18-ஆம் நூற்றாண்டு வாள், கூரியர் இலவசம்' என்று வந்தாலும் ஒதுங்குங்கள். 1911-க்கு முந்தைய தொல்பொருள்களை அந்நாடு பொதுவாக வெளியே விடுவதில்லை.

துரு. பழைய இரும்பின் மேல் கருப்பாக, கெட்டியாக, வழவழப்பாக இருப்பது காப்புப் படலம், அதை விட்டுவிட வேண்டும். விரலில் ஒட்டும் செம்மஞ்சள் பொடிதான் இன்னும் அரித்துக்கொண்டிருப்பது. அலகு முழுக்க ஒரே ஆழத்தில், ஒரே அளவில் புள்ளிக்குழிகளும் மூலைகளில் செம்பொடியும் என்றால், அமிலத்தில் முக்கியோ மண்ணில் புதைத்தோ பழசாக்கியிருக்கலாம். பஞ்சில் அசிட்டோன் தொட்டுப் பிடியருகே துடையுங்கள். பஞ்சில் பழுப்புச் சாயம் ஏறினால் மேலே பூசியது வண்ண மெழுகு.

சோதனைகளில் தேறினால் சுத்தம் செய்யலாம். முதலில் அளவுகோல் வைத்து இருபுறமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தையல் மெஷின் எண்ணெயைச் செந்துருவில் தடவி ஒரு நாள் விடுங்கள். மூங்கில் சிம்பால் நெம்பி எடுங்கள். மிச்சத்துக்கு நான்கு பூஜ்யம் எண் கொண்ட எஃகுப் பஞ்சை எண்ணெயில் நனைத்து, நீளவாக்கில் மட்டும், கருப்பு தெரியும்வரை. அதற்கு மேல் ஒரு இழுப்பும் வேண்டாம். குத்துவிளக்குக்குப் போடுவதுபோல் புளியோ எலுமிச்சையோ போட்டீர்கள் என்றால், புளிப்பு அந்த நீளவாட்டுப் பிளவுகளுக்குள் இறங்கி, அடுத்த மழைக்குள் உள்ளிருந்தே துரு கிளம்பும். கிரைண்டரும் பஃபிங் சக்கரமும் தகடுகளின் எல்லைக் கோட்டையே அழித்துவிடும், பிறகு யாராலும் வயது சொல்ல முடியாது. கடைசியாக அசிட்டோனில் எண்ணெயைத் துடைத்து, நுண்படிக மெழுகு மெல்லப் பூசி, பருத்தித் துணியால் தேய்த்துவிடுங்கள். இனி வெறும் விரல் அலகில் படக் கூடாது.

பினாங்குக் காற்றின் ஈரத்துக்கு மூடிய பெட்டி, சிலிக்கா ஜெல், சிறிய ஈரமானி மூன்றும் வேண்டும். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நிற்கட்டும். பின்னால் உறை ஏதாவது கிடைத்தாலும் வாளை அதற்குள் வைத்துப் பூட்டாதீர்கள், மரம் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பழைய உறையிலிருந்து உருவும்போது உறையை முதுகுப்பக்கமாகப் பிடியுங்கள். இரண்டு மரப்பாதிகளை ஒட்டிய பசை விட்டிருந்தால், கூர்ப்பக்கம் பிடித்த விரல்களுக்குள் வாள் இறங்கிவிடும்.