பம்ப் இரண்டும் ஏன் பந்தாடுகின்றன?

கேள்வி: இரண்டு குளிர்நீர் பம்புகளில் குறைந்த நேரம் ஓடியதை ஓட்டும்படி ஒரு பிளாக் (கன்ட்ரோலருக்கான நிரல் துண்டு) எழுதினேன். ஓடிய மணிகளைக் கையால் கொடுத்துச் சோதித்தபோது சரியாக இருந்தது. கன்ட்ரோலரில் ஏற்றியதும் இரண்டும் நொடிக்கு நொடி மாறி மாறி ஓடுகின்றன. எங்கே தவறு?

பதில்: இரண்டும் 500 மணி நேரம் ஓடியிருப்பதாக வையுங்கள். முதல் பம்ப் கிளம்பி ஒரு நொடி கூடியதுமே இரண்டாவது ‘குறைவாக ஓடியது’ ஆகிவிடுகிறது. கன்ட்ரோலர் உங்கள் பிளாக்கை ஒவ்வொரு ஸ்கேனிலும், அதாவது நிரலை ஓட்டும் ஒவ்வொரு சுற்றிலும், முதல் வரியிலிருந்து ஓட்டும். அதனால் ஸ்கேனுக்கு ஒரு தீர்ப்பு. கையால் கொடுத்த மணிகள் நகராததால்தான் சோதனையில் இது தெரியவில்லை.

ஒப்பீட்டில் பிழையில்லை, ஒப்பிடும் வேளையில்தான் பிழை. பம்ப் ஓட வேண்டும் என்ற அழைப்பு வந்த அந்த ஒரு ஸ்கேனில் மட்டும் ஒப்பிட்டு, முடிவை ‘முன்னணி’யில் (ஓட வேண்டிய பம்ப்) பூட்டி வையுங்கள்:

புதிது := அழைப்பு மற்றும் அல்ல(பழைய_அழைப்பு);
புதிது எனில் முன்னணி := குறைவாக_ஓடியது;
பழைய_அழைப்பு := அழைப்பு;

கடைசி வரி கடைசியிலேயே இருக்க வேண்டும். முதல் வரிக்கு மேலே ஏறினால் ‘புதிது’ ஒருநாளும் உண்மையாகாது. ஐஇசி 61131-3 (கன்ட்ரோலர் நிரல் மொழிகளுக்கான தரநிலை) வழியில் எழுதுகிறீர்கள் என்றால் இதை ஃபங்ஷனாக எழுதாதீர்கள், அதற்குப் பழைய நினைவு கிடையாது. முந்தைய ஸ்கேனின் மதிப்பை நினைவில் வைக்கும் ஃபங்ஷன் பிளாக்தான் வேண்டும். ஓடிய மணிகளை ரீட்டெய்ன் மாறியில் வையுங்கள், இல்லாவிட்டால் மின்சாரம் போய் வந்ததும் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

அழைப்பு நிற்காமல் நாள் முழுக்க ஓடும் கட்டடம் என்றால் வாரம் ஒருமுறை, ஆள் இருக்கும் பகல் நேரத்தில், வித்தியாசம் 24 மணியைத் தாண்டினால் மட்டும் மாற்றுங்கள். புதிய பம்பில் நீரோட்டம் உறுதியான பிறகே பழையதை நிறுத்த வேண்டும். முந்தினால் சில்லர் (நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) டிரிப் ஆகி நின்றுவிடக்கூடும்.

ஓட்டச் சொல்லியும் ‘ஓடுகிறது’ என்ற ஸ்டேட்டஸ் வராத பம்பைக் கண்டுபிடிக்க 15 நொடி டைமர் ஒன்று போதும். அந்த டைமரை மட்டும் நிபந்தனைக்குள் ஒளித்து வைக்காதீர்கள். நிபந்தனை பொய்யாகி டைமர் வரி ஓடாத ஸ்கேனில் டைமர் புதுப்பிக்கப்படாது, ரீசெட்டும் ஆகாது. எனக்கே ஒருமுறை அரை நாளைத் தின்ற பிழை இது.

இவ்வளவும் திருத்திய பிறகு பம்ப் அசையவே இல்லையா? பிளாக்கைக் குடையும் முன் பேக்நெட் (கட்டடக் கருவிகள் பேசிக்கொள்ளும் நெறிமுறை) முன்னுரிமைப் பட்டியலின் 16 இடங்களையும் பாருங்கள்; மேலே உள்ள கட்டளையே வெல்லும். எட்டாவதில் யாரோ விட்டுப்போன கைக்கட்டளை உட்கார்ந்திருக்கலாம்.